36 வயதில் நேர்சிங் படிக்க விண்ணப்பிக்கலாமா? ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதவில்லை

மாங்குளத்தாள்:

வணக்கம். கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ. வயது 36, லண்டன் ஹரோவில் இருக்கிறோம். மூத்தவனுக்கு ஒன்பது, சின்னவளுக்கு ஆறு. ஏழு வருடமாக ஒரு கெயார் ஹோமில் வேலை. ஊரில் ஓ.எல். (சாதாரண தரம்) பாஸ், கணிதத்தில் 'பி', ஆங்கிலத்தில் வெறும் 'எஸ்', அதாவது சாதாரணப் பாஸ். ஏ.எல். 2009 ஓகஸ்டில் எழுதியிருக்க வேண்டும். அந்த வருடம் நாங்கள் எங்கே இருந்தோம் என்று வன்னி ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முகாமை விட்டு வந்த பிறகு வீட்டில் படிப்பு என்ற பேச்சே எழவில்லை. இங்கே வந்து கலியாணம், பிள்ளைகள், வேலை என்று காலம் போய்விட்டது. இப்போது பிரிட்டிஷ் சிற்றிசன்.

போன கிழமை ஒரு கொலிஜுக்குப் போய் விசாரித்தேன். அங்கே இருந்தவர் என் ஓ.எல். சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது இங்கே எதற்கும் உதவாது, முதலில் ஆரம்ப இங்கிலிஷ் வகுப்பில் சேருங்கள் என்றார். ஏழு வருடமாக ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் இங்கிலிஷில்தான் குறிப்பு எழுதிவிட்டு வருகிறேன். அதைச் சொல்லக்கூட வாய் வரவில்லை, தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நேரடியாக யூனிவர்சிற்றிக்கு விண்ணப்பிக்கலாமா, இல்லை இடையில் ஏதும் படிக்க வேண்டுமா? கடன் இந்த வயதில் தருவார்களா? இவர் பஸ் ஓட்டுகிறார், மூன்று வருடம் ஒரு சம்பளத்தில் இழுக்கலாமா என்று கேட்கிறார், அதுவும் நியாயம்தான்.

இரவுப்பணி:

தங்கச்சி, நான் 41இல் தொடங்கி 45இல் முடித்தவள், இப்போது வார்டில் நிற்கிறேன். 36 ஒரு வயதே இல்லை. இங்கே 21 தாண்டிப் பட்டப்படிப்புத் தொடங்கினாலே முதிர்ந்த மாணவர் என்ற கணக்கில் சேர்த்துவிடுவார்கள். என் வகுப்பில் பேரப்பிள்ளை கண்ட ஒருவரும் இருந்தார்.

ஏ.எல். இல்லாதபடியால் உங்களுக்குப் பொருத்தமானது அக்செஸ் டிப்ளோமாதான், ஏ.எல். இல்லாத பெரியவர்களை யூனிவர்சிற்றிக்குத் தயார்படுத்துகிற படிப்பு. ஊரில் ஏ.எல். பாஸ் பண்ணியிருந்தாலும் நேர்சிங்குக்குப் பல இடங்களில் கடைசி மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குள் படித்த அத்தாட்சி கேட்பார்கள், அதனால் அக்செஸ் வீண்போகாது. முழுநேரம் என்றால் ஒரு வருடம், மொத்தம் 60 கிரெடிட், அதில் 45க்குத்தான் பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று தரம் போடுவார்கள், யூனிவர்சிற்றி பார்ப்பது அந்த 45ஐத்தான். கூடவே இங்கிலிஷும் மற்ஸும் ஜி.சி.எஸ்.ஈ. (இங்கத்தைய ஓ.எல். மாதிரி) நாலாம் தரம் வேண்டும், சில இடங்களில் அதற்குப் பதிலாக ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்கிற நடைமுறை இங்கிலிஷ், மற்ஸ் பரீட்சையில் லெவல் 2 போதும். உங்களிடம் அவை இல்லாவிட்டால் 19 வயது தாண்டியவர்களுக்கு அந்த வகுப்பு இலவசம். உங்கள் கணித 'பி'யை ஏற்பார்களா என்று ஒவ்வொரு யூனிவர்சிற்றிக்கும் தனித்தனியாக ஈமெயில் போட்டுக் கேளுங்கோ, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கோ. கொலிஜ் மேசையில் இருக்கிறவர் சொல்வது கடைசி வார்த்தை இல்லை. அசல் சான்றிதழ் தொலைந்தவர்களும் பயப்பட வேண்டாம், கொழும்புப் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தால் விண்ணப்பித்து எடுக்கலாம்.

ஒரு விசயத்தில் நான் அடிபட்டேன். அக்செஸ் செப்டெம்பரில் தொடங்கும், யூகாஸ் (எல்லா யூனிவர்சிற்றிக்கும் பொதுவாக விண்ணப்பிக்கிற தளம்) விண்ணப்பத்தை ஜனவரி நடுவுக்குள் போட்டால்தான் எல்லாரோடும் சமமாகப் பார்ப்பார்கள். வகுப்புக்குப் போய் நாலு மாதம்கூட ஆகாது, அதற்குள் ஐந்து தெரிவும், ஏன் படிக்க விரும்புகிறோம் என்று எங்களைப் பற்றி எழுதுகிற எழுத்தும் தயாராக வேண்டும். நத்தார் லீவில் பார்க்கலாம் என்று விட்டேன், லீவு முழுக்க டபுள் ஷிஃப்ட் வந்து விழுந்தது.

கடன்கணக்கு:

காசு பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றது அக்கா சொல்லிவிட்டா.

கல்விக் கட்டணக் கடனுக்கு 36 வயது ஒரு தடையே இல்லை. வாழ்க்கைச் செலவுக் கடன் 60 வயதுக்குக் கீழ் என்றால் கிடைக்கும், அதன் தொகை வீட்டு வருமானத்தைப் பொறுத்தது, அதில் உங்கள் அவரின் சம்பளத்தையும் சேர்ப்பார்கள். இவை கடன். ஆனால் இங்கிலாந்தில் நேர்சிங் படிப்பவருக்கு என்.எச்.எஸ். என்கிற அரச சுகாதார சேவை வருடம் 5,000 பவுண் கொடுக்கிறது, திருப்பிக் கட்டத் தேவையில்லை, 15 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் இன்னொரு 2,000. பிள்ளை பராமரிப்புச் செலவில் 85 சதவீதம் வரைக்கும் சைல்ட்கெயார் கிராண்ட் உண்டு, அதுவும் கடன் இல்லை, ஆனால் பதிவு செய்த இடத்தில் விட வேண்டும், அம்மம்மா பார்த்தால் செல்லாது. யூனிவர்சல் கிரெடிட் என்கிற அரச உதவிப் பணத்தில் சைல்ட்கெயார் காசு எடுத்துக்கொண்டு இதையும் எடுக்க முடியாது.

அக்செஸ் படிப்புக்கும் கடன் எடுக்கலாம். பிறகு பட்டத்தை முடித்துவிட்டால் அந்த அக்செஸ் கடனில் மிச்சம் இருப்பதை அப்படியே தள்ளிவிடுவார்கள், இது பலருக்குத் தெரியாது. பட்டப்படிப்புக் கடன் வருடச் சம்பளம் 25,000 பவுணைத் தாண்டிய பகுதியில் 9 சதவீதம், 40 வருடத்தில் மிச்சம் அழிந்துபோகும். உங்கள் அவருக்கு இதை வங்கிக் கடன் மாதிரி நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கோ, சம்பளம் அந்த அளவுக்குக் குறைந்தால் ஒரு சதமும் கழியாது.

வாசிக்கிற மற்ற ஆட்களுக்கும் ஒன்று: யாழ் கம்பஸிலோ எங்கேயோ ஏற்கெனவே பட்டம் எடுத்திருந்தால் இரண்டாவது பட்டத்துக்குப் பொதுவாகக் கட்டணக் கடன் இல்லை. எனக்கு அப்படித்தான் முதலில் மறுத்தார்கள். நேர்சிங்குக்கு விலக்கு உண்டு, கணினி, பொறியியல் போன்றவற்றைப் பகுதிநேரமாகப் படித்தாலும் உண்டு. நான் அந்த வழியால்தான் ஓப்பன் யூனிவர்சிற்றியில் கம்பியூட்டிங் எடுத்தேன்.

குரொய்டன்_தம்பி:

எல்லாரும் கம்பஸ் கம்பஸ் என்கிறீர்கள், நான் கொஞ்சம் எதிராகச் சொல்கிறேன், கோவிக்காதேங்கோ அக்கா. நேர்சிங்கில் 2,300 மணித்தியாலம் பிளேஸ்மென்ட், அதாவது வேலையிடத்தில் நின்று செய்கிற பயிற்சி இருக்கிறது. காலை ஏழு மணி ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட், சனி ஞாயிறு எல்லாம் வரும், சம்பளம் இல்லை. பஸ் ஓட்டுகிற அத்தானுக்கும் ஷிஃப்ட். இரண்டு பேரும் விடிய வெளிக்கிட்டால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவது ஆர்? என்னுடைய மனைவி நேர்சிங் அசோசியேட் (நேர்ஸுக்கு ஒரு படி கீழே) அப்ரென்டிஸ், அதாவது வேலை செய்தபடி படிக்கிறவ ஆகச் சேர்ந்தவ, இரண்டு வருடம், மாதாமாதம் சம்பளம், கட்டணம் ஒன்றும் இல்லை, அதற்குப் பிறகு மேலே படித்து நேர்ஸ் ஆகலாம். உங்கள் மனேஜரிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.

இரவுப்பணி:

தம்பி சொல்வதில் பிழை இல்லை, பிளேஸ்மென்ட்தான் என்னையும் அழவைத்தது. ஆனால் அப்ரென்டிஸ் இடம் வேலைகொடுப்பவரின் கையில், வருடக்கணக்காகக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் முயலுங்கோ.

மாங்குளத்தாள்:

எல்லாருக்கும் நன்றி. அம்மம்மா விசயம் நல்ல காலம் சொன்னீர்கள், நான் மாமியைத்தான் கணக்குப் பண்ணி வைத்திருந்தேன். இன்றைக்கு மனேஜரிடம் கேட்டேன், அப்ரென்டிஸ் இப்போதைக்கு இல்லையாம், ஆனால் ரெஃபரன்ஸ் தருவேன் என்றா. யூகாஸ் தளத்தில் இப்போது ஒரு கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்வி இருக்கிறது: ஏன் இந்தப் படிப்பு, படித்தது எப்படி உதவியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றாவதில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். கழுவினேன், துடைத்தேன், சாப்பாடு தீத்தினேன் என்று எழுதவா?

இரவுப்பணி:

உங்களுக்கு அதிகம் எழுத இருப்பதே மூன்றாவதில்தான். 'நான் அன்பானவள்' என்று எழுதாதேங்கோ, எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நடந்த ஒன்றைச் சொல்லுங்கோ. ஆரையாவது பார்த்து, ஏதோ சரியில்லை என்று உங்களுக்கு முதலில் பட்ட ஒரு நாள் இருக்கும்தானே?

மாங்குளத்தாள்:

இருக்கிறது. எங்களிடம் 88 வயதில் ஒரு அம்மா, எப்போதும் தேத்தண்ணி சூடு காணாது என்று என்னோடு சண்டை பிடிப்பா. ஒருநாள் காலை சண்டை பிடிக்கவில்லை. கோப்பை அப்படியே ஆறிக்கிடந்தது. என் பெயரை மாற்றிக் கூப்பிட்டா. எவ்வளவு குடித்தா என்று குறிக்கிற ஃப்ளூயிட் சார்ட்டைப் புரட்டினால் முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு இரண்டு மிடறுதான் குடித்திருக்கிறா. நேர்ஸிடம் போய்ச் சொன்னேன், வயதானால் அப்படித்தான் என்றார், நான் விடாமல் நின்று சிறுநீர் பரிசோதிக்க வைத்தேன். தொற்று. இரண்டு நாள் கழித்து மறுபடி தேத்தண்ணிச் சண்டை.

இரவுப்பணி:

இதை அப்படியே இங்கிலிஷில் எழுதுங்கோ. அந்த அம்மாவின் பெயரும் இடமும் மட்டும் வேண்டாம். எழுதினதும் எனக்கு மெசேஜில் அனுப்புங்கோ, ஞாயிறு எனக்கு ஓஃப்.