தட்டை ரொட்டி, அடிரொட்டி: இரண்டு சொற்களும் வேண்டும்

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

வார நாள் இரவில், கடையில் வாங்கிய நான் ரொட்டியையோ பீட்டா ரொட்டியையோ வீட்டில் மீந்த ஃபராட்டாவையோ (எங்கள் மொரிசியஸ் தீவின் பரோட்டா) அடியில் வைத்து விரைவாகச் செய்யும் பீட்சாவுக்குத் தமிழில் செய்முறை எழுதும்போது எந்தச் சொற்களைக் கையாளுவது என்ற கேள்விக்கு இதுவரை வந்த விடைகளை முழுமையாகப் படித்தேன். தட்டையப்பம், மெல்லடை, தட்டை ரொட்டி, ஆயத்த ரொட்டி, பீட்சா அடித்தளம் ஆகியவை முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் எது சிறந்தது என்று முடிவு செய்வதற்கு முன், இவை அனைத்தும் ஒரே பொருளைக் குறிப்பவை அல்ல என்பதைக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். முதல் மூன்றும் ஒரு ரொட்டி வகையின் பெயர்கள். நான்காவது, அந்த ரொட்டி நம் கைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்கிறது. ஐந்தாவது, அது ஓர் உணவில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. வகைக்கு ஒரு சொல்லும் இடத்துக்கு வேறொரு சொல்லும் நமக்குத் தேவை. ஒன்றே இரண்டுக்கும் போதும் என்று விட்டுவிட்டால் செய்முறை எழுதுபவர் மூன்றாவது வரியிலேயே தடுமாறுவார்.

பீட்சா என்ற சொல்லைப் பெயர்க்க வேண்டியதில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. இத்தாலியின் நாப்போலி நகரத்துப் பீட்சாக் கலைஞர்களின் கைத்திறனை யுனெஸ்கோ 2017-இல் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. பல மணி நேரம் புளித்த மாவைக் கையால் விரித்து, 400 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் 60 முதல் 90 விநாடிகளுக்குள் சுட்டெடுக்கும் அந்த உணவின் பெயர் அந்த ஊருக்கே உரியது. அதை அப்படியே வைத்துக்கொள்வதுதான் மரியாதை. நாம் பெயர் தேடுவது வேறு ஒன்றுக்கு. மாவு பிசையாமல், புளிக்க வைக்காமல், ஏற்கெனவே சுட்டு முடித்த ரொட்டியின் மேல் குழம்பும் சீஸும் வைத்துச் சூடாக்கும் வீட்டு முறைக்கும், அதில் பயன்படும் பொருள்களுக்குமே நமக்குச் சொற்கள் வேண்டும்.

முதலில் வகைப்பெயரைப் பார்ப்போம். தட்டையப்பம் என்பதில் அப்பம் இடர் தருகிறது. விவிலியத் தமிழில் அப்பம் பொதுவான ரொட்டியைக் குறிக்கிறது. இலங்கையிலும் தென் தமிழகத்திலும் அது நடுவில் தடித்து ஓரம் முறுகலாக வரும் அரிசி மாவுப் பண்டம். கோவில் நைவேத்தியத்தில் அதுவே வெல்லம் சேர்த்த இனிப்பு. மெல்லடை அழகான சொல்தான், ஆனால் அடை என்றதும் தமிழகத்து வாசகர் பருப்பும் அரிசியும் அரைத்து வார்ப்பதையே நினைப்பார். தட்டை ரொட்டிதான் இவற்றுள் பொருத்தமானது. அதற்குக் காரணம், ரொட்டி என்ற சொல் இடத்துக்கு இடம் பொருள் மாறுவதே. தமிழகத்தில் ரொட்டி என்றால் பலருக்கு அடுமனையில் உப்பிவரும் ரொட்டியும் நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழர் அதைப் பாண் என்று அழைத்து, ரொட்டி என்பதைத் தட்டையானதற்கே ஒதுக்கிவிட்டனர். இங்கே மொரிசியஸிலும் ஏறத்தாழ அதே நிலைதான்: பிரெஞ்சு வழி வந்த கிரியோல் மொழி பேசும் எங்கள் வீடுகளில் உப்பிய ரொட்டி திபேன், தட்டையானது ரொட்டி அல்லது ஃபராட்டா. எங்களுக்கும் இலங்கையருக்கும் 'தட்டை' என்ற அடைமொழி மிகையாகத் தோன்றக்கூடும். ஆயினும் எல்லா நாட்டுத் தமிழரும் படிக்கும் செய்முறையில் அந்தச் சிறு மயக்கமும் இல்லாமல் செய்வது அதுவே. தமிழகத்துத் தட்டை என்ற நொறுக்குத் தீனியோடு குழப்பம் வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ரொட்டி என்ற சொல் தொடர்ந்து வரும்போது அந்தக் குழப்பம் எழ வாய்ப்பில்லை என்று நான் எண்ணுகிறேன்.

இனி என் கடிதத்தின் மையத்துக்கு வருகிறேன். தட்டை ரொட்டி எல்லாம் பீட்சாவுக்கு அடியாகப் பயன்படுவதில்லை. இதற்கு எங்கள் தீவிலேயே தெளிவான சான்று இருக்கிறது. எங்கள் தலைநகர் போர்ட் லூயிஸின் வீதிகளில் இணையிணையாக விற்கப்படும் டோல் பூரியை அறியாத மொரிசியஸ்காரர் இல்லை. வேகவைத்து அரைத்த மஞ்சள் பருப்பை உள்ளே வைத்து மிக மெல்லியதாகத் தேய்த்துத் தவாவில் சுடும் அந்த ரொட்டிக்குள் பெரிய பயற்றுக் கறியும் ருகாய் என்ற தக்காளிக் குழம்பும் சட்னியும் வைத்துச் சுருட்டித் தருவார்கள். அதன் சிறப்பே அதன் மென்மைதான். அந்த மென்மையே பீட்சாவுக்குக் குறையாகிறது: ஈரமான குழம்பைப் பரப்பினால் அது கிழிகிறது; நீர் வற்றட்டும் என்று அடுப்பில் விட்டால் உள்ளிருக்கும் பருப்பு உலர்ந்து உதிர்கிறது. ஃபராட்டாவின் நிலை வேறு. மாவை எண்ணெய் தடவி மடித்துத் தேய்ப்பதால் அதற்குள் அடுக்குகள் உண்டாகின்றன. அந்த எண்ணெய் குழம்பின் நீரை உடனே உள்ளே இறங்கவிடுவதில்லை. ஆகவே டோல் பூரியும் ஃபராட்டாவும் இரண்டுமே தட்டை ரொட்டிகள், ஆனால் அவற்றில் ஒன்றுதான் பீட்சாவைத் தாங்கும். இந்த வேறுபாட்டை ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது? 'உங்கள் தட்டை ரொட்டி தட்டை ரொட்டியாகப் பயன்படாது' என்று எழுத முடியாது.

தாங்கும் அந்த ரொட்டிக்கு நான் முன்மொழியும் சொல் அடிரொட்டி. அடித்தளம் என்பது கட்டடத்துக்கும் கொள்கைக்கும் பழகிப்போன சொல். தளம் என்று சுருக்கினால் இன்று இணையதளமே நினைவுக்கு வருகிறது. அடி என்பதற்கும் பல பொருள் உண்டு என்பதை அறிவேன். ஆனால் சமையலறையில் பெயர்ச்சொல்லாக வரும்போது அதன் பொருள் ஒன்றுதான்: பால் அடிப்பிடித்தது என்கிறோம், அடிகனமான பாத்திரம் என்கிறோம். புதிய சொல்லுக்கு அது புழங்கப்போகும் அறையிலேயே வேர் இருப்பது பெரிய வலிமை.

மூன்றாவதாக, ரொட்டியின் நிலையைச் சொல்லும் அடைமொழி. ஆயத்த ஆடை என்ற வழக்கைப் பின்பற்றி ஆயத்த ரொட்டி என்று சொல்லலாம் என்ற கருத்தை நான் மதிக்கிறேன். கடைப் பலகையில் எழுதுவதற்கு அது நல்ல சொல். செய்முறைக்கு அது போதாது. நேற்று இரவு வீட்டில் செய்து மீந்த ஃபராட்டா ஆயத்தமாக வாங்கியதன்று, ஆனாலும் அது இந்தப் பீட்சாவுக்கு நன்கு பொருந்தும். மறுபுறம், கடையில் ஆயத்தமாக விற்கும் பீட்சா அடிகளில் பாதி மட்டுமே வெந்தவையும் உண்டு. அவற்றை முழுதும் வெந்த ரொட்டியைப் போல நடத்தினால் நடுப்பகுதி பச்சை மாவாகவே நிற்கும். சமைப்பவருக்குத் தெரிய வேண்டியது எங்கே வாங்கியது என்பதன்று, எவ்வளவு வெந்தது என்பதே.

இதன் காரணத்தைச் சற்று விளக்கமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். பச்சை மாவு சுடப்படும்போது மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் குழைகிறது, கோதுமையின் புரதம் இறுகி உருவம் கொள்கிறது, நீராவியும் வாயுவும் விரிந்து மாவை உப்பச் செய்கின்றன. சுட்டு முடித்த ரொட்டியில் இவை யாவும் நடந்து முடிந்துவிட்டன. அதை மீண்டும் சூடாக்கும்போது ரொட்டியில் நிகழ்வது பெரும்பாலும் ஈரம் வெளியேறுவது மட்டுமே. சற்று நேரம் முறுகல், அதற்கு மேல் வறளல். அதனால்தான் பச்சை மாவுப் பீட்சா வீட்டு அவன் (oven) அடுப்பில் 10 முதல் 15 நிமிடம் கேட்க, நான் ரொட்டியில் செய்வது 220 டிகிரி செல்சியசில் 6 முதல் 8 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மேலே வைக்கும் காளானும் இறைச்சியும் அந்தச் சிறு நேரத்தில் வேகாது என்பதால் அவற்றை முன்னரே வதக்கியிருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே பிறக்கும் விதி. நிலையைச் சொல்லும் ஓர் அடைமொழியில் இத்தனை செய்தியும் அடங்குகிறது.

அதற்கு நான் 'சுட்ட' என்ற பெயரெச்சத்தையே பரிந்துரைக்கிறேன்: சுட்ட அடிரொட்டி, சுடாத அடிரொட்டி. சுடுரொட்டி என்று வினைத்தொகையாக்கினால் சுருக்கமாக இருக்கும் என்று கருதுவோர் இருப்பர். வினைத்தொகை மூன்று காலத்துக்கும் பொது. சுட்ட ரொட்டி, சுடுகின்ற ரொட்டி, சுடும் ரொட்டி என மூன்றுக்கும் அது இடம் தரும். நமக்கோ இறந்த காலம்தான் செய்தியின் உயிர். காலம் மறைந்தால் சொல்லே வீண். இன்னொரு காரணமும் உண்டு. நான் தமிழ் கற்பிக்கும் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள். தமிழை வகுப்பில்தான் கேட்கிறார்கள். எனினும் ஔவையிடம் முருகன் 'சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா' என்று கேட்ட கதையை அவர்கள் அறிவார்கள். முருகன் கோவிலுக்குக் காவடி எடுக்கும் எங்கள் சமூகத்தில் அது சிறு வயதிலேயே காதில் விழும் கதை. அந்த இரண்டு சொற்களையும் யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

முன்மொழிந்த சொற்களை ஒரு செய்முறையில் வைத்து எழுதிப் பார்த்தேன். அவன் அடுப்பு இல்லாத வீட்டுக்கும் பொருந்துமாறு தவா முறையைத் தேர்ந்துகொண்டேன்.

"சுட்ட அடிரொட்டி ஒன்றைச் சூடான தவாவில் இட்டு, ஒரு பக்கம் முறுகும் வரை வைத்திருக்கவும். திருப்பிப் போட்டு, தீயை மிகவும் தணிக்கவும். முறுகிய பக்கம் இப்போது மேலே இருக்கும். அதன் மீது ஓரத்தில் ஒரு விரல் அளவு விட்டு, கெட்டியான ருகாய் 2 மேசைக்கரண்டி பரப்பவும். துருவிய மொசரெல்லா 50 கிராம் தூவி, முன்னரே வதக்கிய மேலீடுகளைச் சிறிதளவு வைத்து, மூடி போட்டு 4 அல்லது 5 நிமிடம் மறுசூடு செய்யவும். சீஸ் உருகியதும் மூடியை எடுத்து, ஆவி வெளியேற ஒரு நிமிடம் விட்டு இறக்கவும்."

இந்தப் பத்தியில் சொற்கள் தடையின்றி ஓடுவதாக எனக்குத் தோன்றுகிறது. மேலீடு, மறுசூடு ஆகிய இரண்டையும் விளக்கமின்றிப் பயன்படுத்தியிருக்கிறேன்; இடத்தாலேயே பொருள் விளங்குவதால் அவற்றைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. முறுகிய பக்கத்தை மேலே வைப்பது ஏன் என்று கேட்பவர்களுக்காக ஒரு வரி: உலர்ந்து முறுகிய பரப்பு குழம்பின் நீரை மெதுவாகவே உள்வாங்கும், ஆகவே உண்ணும் வரை ரொட்டி நனைந்து தளராது.

ருகாயைப் பற்றிச் சிறிது சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. வெங்காயம், பூண்டு, இஞ்சி, தைம் இலை, மிளகாய் சேர்த்து வதக்கிய தக்காளிக் குழம்புக்கு எங்கள் தீவில் அதுதான் பெயர். அது நம் ஊறுகாயிலிருந்து வந்த சொல் என்றே பிரெஞ்சு அகராதிகளும் கூறுகின்றன. கொத்தமல்லி இங்கே கொத்தோமிலி ஆயிற்று, கறிவேப்பிலை காரிபுலே ஆயிற்று, முருங்கை முரூம் ஆயிற்று. தமிழே அறியாத வீடுகளிலும் இந்தச் சொற்கள் நாள்தோறும் புழங்குகின்றன. இவற்றை எந்தக் குழுவும் வகுத்துத் தரவில்லை. அடுப்படியில் தேவைப்பட்டன, நாவுக்கு எளிதாக இருந்தன, நிலைத்துவிட்டன. அடிரொட்டி என்ற சொல்லை நான் வலியுறுத்துவதும் இந்த அனுபவத்தை முன்னிட்டே. பீட்சாவுக்கு ருகாயைப் பயன்படுத்துவோர் அதை வழக்கத்தைவிட நன்றாக வற்ற விட வேண்டும். தக்காளியின் எடையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நீர்தான். கரண்டியால் கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்கும் பதமே சரியான பதம். தைப்பூச விரதம் இருக்கும் நாள்களிலும் இந்தக் கெட்டி ருகாயும் வதக்கிய குடமிளகாயும் மட்டும் வைத்துச் செய்வது எங்கள் வீட்டு வழக்கம். மேலீடு குறைவாக இருப்பதால் அடிரொட்டி இன்னும் நன்றாகவே வருகிறது.

உணவின் பெயரைப் பொறுத்தவரை, ரொட்டிப் பீட்சா என்பதே போதும். விரைவுப் பீட்சா என்றும் உடனடிப் பீட்சா என்றும் வந்த முன்மொழிவுகள் நேரத்தை மட்டும் சொல்கின்றன. உறைநிலையில் வாங்கிச் சூடாக்குவதும் விரைவுதான், ஆனால் அது நாம் பேசும் உணவன்று. ஒற்று மிகுந்து ரொட்டிப் பீட்சா என்று எழுதுவதே முறை. பிறமொழிச் சொல்லின் முன் ஒற்று வேண்டுமா என்று தயங்குவோர் உண்டு. ஒலிக்கும்போது ப் தானே வருகிறது என்பதால் அதை எழுதுவதே எனக்கு உவப்பு.

பாதி வெந்த அடிக்குத்தான் இன்னும் நிறைவான சொல் கிடைக்கவில்லை. அரைவேக்காடு என்ற சொல் பொருளில் மிகச் சரியானது, எனினும் வழக்கில் அது குறையையும் இகழ்ச்சியையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. வேண்டுமென்றே பாதி சுட்டு விற்கும் நல்ல பொருளின் உறையில் அதை அச்சிட எந்த அடுமனையும் இசையாது. அரைச்சூட்டு அடிரொட்டி என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். அரைச்சூடு என்பது வெதுவெதுப்பான நிலையைக் குறிப்பதாகச் சிலர் கொள்ளக்கூடும் என்பதால் அதில் எனக்கு முழு நிறைவு இல்லை. தமிழகத்திலும் இலங்கையிலும் அடுமனைத் தொழிலில் இருப்பவர்கள், பாதி சுட்டு எடுத்து வைத்து மறுநாள் முடிக்கும் ரொட்டியைத் தங்களுக்குள் என்னவென்று அழைக்கிறார்கள் என்பதைக் குழு உறுப்பினர்கள் கேட்டு எழுதினால், அந்த வழக்குச் சொல்லையே ஏற்றுக்கொண்டு மற்றச் சொற்களோடு சேர்த்துப் பட்டியலில் பதிந்துவிடலாம்.

அன்புடன்,
மொரிசியஸிலிருந்து ஒரு தமிழாசிரியர்