வெருகல் பக்கக் கிணறுகள்: தண்ணீர் மாதிரி கொண்டுவர ஆள் தேவை

வணக்கம். மூதூர், வெருகல் பக்கம் கரையோர வேடர் குடும்பங்கள் குடிக்கிற கிணறுகளை மாரி முடியும்வரை மாதாமாதம் சோதிக்க வேண்டும். ஐஸ் பெட்டியோடு மாதிரிகளைத் திருகோணமலைக்குக் கொண்டுவர மோட்டார் சைக்கிள் உள்ள ஒருவரும், தண்ணீரில் குளோரின் அளவு பார்க்கிற, காலாவதியாகாத டிபிடி குளிசைகளும் தேவை.

குளோரின் போட்ட கிணறென்றால் போத்தலுக்குள் குளோரினை முறிக்கிற சோடியம் தயோசல்பேட் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சக் குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்றுவிடும். கெட்ட தண்ணீருக்கும் 'நல்லது' என்று அறிக்கை வரும். பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர், இதில் பிழை விடவே கூடாது. போத்தலை அலசாதீர்கள், வாய்விளிம்பில் விரல் படக் கூடாது, மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். 6 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் சேர்ந்தால் நல்லது. 24 தாண்டினால் அந்த மாதிரி உதவாது.

குளோரின் அளவைக் கிணற்றடியிலேயே பார்க்க வேண்டும். லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறைந்தால் போதாது.

உதவக்கூடியவர்கள் கீழே எழுதுங்கள்.