நாலு தாத்தாவுக்கு ஒரே கோட்டு

பட்டர்வொர்த் மகள்:

போன மாதம் மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துக்கு ஒரு கல்லூரியிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒரு ஸ்கேனர், இரண்டு மடிக்கணினி, கையுறை ஒரு டப்பா. வீட்டில் கிடக்கிற பழைய படம், கடிதம், கணக்கு நோட்டு எது இருந்தாலும் கொண்டு வாருங்கள், பிரதி எடுத்துக்கொண்டு அப்போதே கையில் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். கல்லூரியின் எண்ணிம ஆவணகத்தில் வட்டாரக் குடும்பங்களுக்கென்று ஒரு பகுதி திறக்கிறார்களாம்.

அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். "படிக்கிற பிள்ளைகளுக்கு நம்ம வீட்டுக் குப்பை எதுக்கு?" என்று முனகிக்கொண்டே அம்மாவும் காரில் ஏறிவிட்டார். பெட்டியைத் தனியாக அனுப்ப மனசில்லை.

பெட்டியில் இருந்த பெரிய சொத்து தாத்தாவும் பாட்டியும் எடுத்துக்கொண்ட ஸ்டூடியோ படம். பாட்டி மடியில் இருக்கிற குழந்தை அம்மா. அப்போது தீவுக்குப் பாலமெல்லாம் ஏது, அது 1985ல்தானே வந்தது. தோட்டத்திலிருந்து கிளம்பி, பெர்ரி ஏறி, பினாங்கு டவுனுக்குப் போய் எடுத்த படம். தாத்தா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். ஆனால் படத்தில் கறுப்புக் கோட்டு போட்டிருப்பார். கோட்டுக்குக் கீழே வேட்டி, அதற்குக் கீழே வெறுங்கால். பக்கத்து மேசையில் ஒரு ரேடியோ. "ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் எங்கப்பா ரேடியோ வைத்திருந்தார்" என்று அம்மா சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். அந்த ரேடியோவை வைத்து என் அண்ணன் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறான்.

ஸ்கேன் செய்த பெண் படத்தைத் திருப்பி, பின்பக்கத்தையும் எடுத்தாள். அங்கே பென்சிலில் தாத்தா எழுதியிருந்ததை நாங்கள் யாரும் அதுவரை கவனித்ததில்லை: "மூன்று காப்பி. இரண்டு ராஜுலாவில் போன ஆளிடம் ஊருக்கு." எஸ்.எஸ். ராஜுலா 1926ல் கட்டிய கப்பல். ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதாவது இந்தப் படம் எங்களுக்காக எடுத்ததே இல்லை. ஊரில் இருப்பவர்களுக்குக் காட்ட எடுத்தது. எங்களிடம் இருப்பது மிச்சம்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் கூப்பிட்டாள். "ஆண்ட்டி, ஒரு படம் அனுப்பியிருக்கேன், கோட்டைப் பாருங்க." வேறொரு குடும்பத்துப் படம், வேறொரு ஆள், அதே கோட்டு. மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் வெளிறிய நிறத்தில் ஒட்டாமல் நிற்கும், அதுவும் அப்படியே இருந்தது. பின்னால் அதே திரை, அதே மாடிப்படி ஓவியம், அதே ரேடியோ. தேடியதில் இன்னொரு வீட்டுப் படமும் கிடைத்திருக்கிறது. நான்காவது எங்கள் பெட்டியிலேயே இருந்தது. யாரென்று தெரியாத ஓர் ஆள் தனியாக நிற்கிற சின்னப் படம், பின்னால் "கூட்டாளி, பிறை" என்று மட்டும் தாத்தா கையெழுத்து. பிறை எங்கள் பக்கத்து ஊர். அவரும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறார். தோள்தான் அவருக்குப் பற்றவில்லை.

கோட்டு ஸ்டூடியோக் கடைக்காரருடையது. ரேடியோவும்தான். அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வேட்டியாவது எங்கப்பாவுடையதுதானா?" என்று கேட்டார் பாருங்கள், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நாலு படத்தையும் கீழே போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டி எப்போதாவது இப்படிப் பேசியிருக்கிறதா?

செந்தூல் அண்ணன்:

எங்கள் வீட்டில் கோட்டும் இல்லை, ரேடியோவும் இல்லை. மொய் நோட்டு இருக்கிறது. அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்தவர். அப்பா அம்மா கல்யாண மொய்யைச் சித்தப்பா ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார். இதையும் ஒரு கல்லூரி ஆவணகம் கேட்குமா என்று சந்தேகத்தோடுதான் கொடுத்தேன். கல்யாணப் படங்களைவிட அவர்கள் இதைத்தான் ஆவலாக வாங்கினார்கள்.

உட்கார்ந்து வாசித்தால் பட்டறையே கண்முன் வரும். சிக்னல் ராமசாமி 2 வெள்ளி (எங்கள் ஊர்ப் பணம்). பாய்லர் ராமசாமி 2 வெள்ளி. நெட்டை ராமசாமி 1 வெள்ளி, கூடவே "பிறகு தருவதாக 1" என்று ஒரு குறிப்பு. அந்த ஒரு வெள்ளி வந்ததா என்பதற்கு நோட்டில் சாட்சி இல்லை! கடைத் தவுக்கே, அதான் சீன முதலாளி, 5 வெள்ளியும் எஃப் அண்ட் என் ஆரஞ்சு ஒரு பெட்டியும். குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டு மலாய்க்காரப் பாட்டி தலையணை உறை இரண்டு, "கையால் பூப்போட்டது" என்று சித்தப்பா தனியாக எழுதியிருக்கிறார். மனுஷனுக்கு ரசனை இருந்திருக்கிறது.

பட்டியலைக் கணினியில் ஏற்ற வந்த பையன்தான் திண்டாடிப் போனான். அவனுடைய படிவத்தில் பெயர், தகப்பன் பெயர் என்று இரண்டே கட்டம். நெட்டை எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்டான். அந்த மொய் நோட்டில் ஒருவருக்குமே தகப்பன் பெயர் கிடையாது, தம்பி, பட்டறையில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்றேன். கடைசியில் "அழைக்கும் பெயர்" என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள். சித்தப்பா இருந்திருந்தால் அதற்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

கூலிம் பையன்:

எங்கள் தாத்தா போர்க்காலத்தில் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனவர். திரும்பவில்லை. லயத்து வரிசை வீட்டில் இருந்த பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது. நான் சும்மா வாசித்துக்கொண்டு போகிறேன்.

நிபோங் திபால் பேத்தி:

எனக்குக் கொஞ்சம் கசப்பான அனுபவம். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. சில வருஷங்களுக்கு முன் ஓர் இணையத் தொகுப்பில் தோட்டத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தபோது எங்கள் ஆத்தா தலையில் துண்டு கட்டிக்கொண்டு, தோளில் வாளி தூக்கும் காண்டாக் கம்போடு நிற்கிறார். கீழே எழுதியிருந்தது: "இந்தியத் தொழிலாளிப் பெண், பெயர் தெரியவில்லை."

ஆத்தாவுக்கு ஏழு பிள்ளைகள், முப்பதுக்கும் மேல் பேரன் பேத்திகள். ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர். பெயர் தெரியவில்லையாம்.

எழுதிப் போட்டேன். ஆதாரம் கேட்டார்கள். ஆத்தாவிடம் இருந்த ஆதாரம் இடது புருவத்தில் ஒரு தழும்பும் காதில் தண்டட்டியும்தான். அந்தத் தண்டட்டியைப் பெரியம்மா இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். அதைப் படமெடுத்து அனுப்பி, ஐசியையும் (அடையாள அட்டை) பிறப்புச் சான்றிதழ்களையும் அனுப்பி, ஒன்பது மாதம் ஆனது. அதிலும் ஒரு தகராறு: எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளின் சூராட் பெரானாக்கில், அதான் பிறப்புச் சான்றிதழில், ஆத்தாவின் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. எழுதிய கிராணி (எழுத்தர்) காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதிவிட்டார். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் எனக்கே ஆத்தா மேல் சந்தேகம் வந்துவிட்டது.

இப்போது பெயர் இருக்கிறது. அதனால் பட்டர்வொர்த் அக்கா, உங்கள் கல்லூரிப் பெண் பின்பக்கத்தையும் எடுத்தாள் பாருங்கள், அவளுக்கு என் சார்பில் ஒரு நன்றி சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்:

எல்லோரும் கொடுத்ததைச் சொல்கிறீர்கள். நான் கொடுக்காததைச் சொல்கிறேன்.

பெரியப்பாவிடம் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவருக்கான அடையாள அட்டை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் நெருக்கடி வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறினார்களே, அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவர். பெரியம்மாவும் பிள்ளைகளும் இங்கேயே தங்கிவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவர் கடிதமாகவே எழுதிக்கொண்டிருந்தார், நாற்பதுக்கு மேல் இருக்கும். முதலில் மாதம் ஒன்று, பிறகு தீபாவளிக்கு ஒன்று. கடைசிக் கடிதங்களில் அங்கே இன்னொரு குடும்பம் இருப்பது வரிக்கு வரி தெரியும், அவர் அதைச் சொல்லாமலே.

ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இது பொக்கிஷம் என்று எனக்கும் தெரியும். பெரியம்மாவிடம் கேட்டேன். "படிச்சவங்க படிக்கிறதுக்கா அவர் எழுதினார்?" என்றார். அதற்குமேல் நான் என்ன பேச? கல்லூரியில் விசாரித்தபோது, பிரதி எடுத்துப் பூட்டி வைத்துவிட்டு, குடும்பம் சொல்கிற வருஷத்துக்குப் பிறகுதான் திறப்போம் என்றார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனாலும் பெரியம்மா இருக்கும்வரை கட்டு அலமாரியை விட்டு நகராது. என் மகள் இதற்காக என்னோடு சண்டை போடுகிறாள். போடட்டும்.

பினாங்கு ஓய்வுபெற்ற நூலகர்:

தம்பி சொல்வது சரி. வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நியூயார்க்கில் லகார்டியா சமுதாயக் கல்லூரியில் 1982 முதல் ஓர் ஆவணகம் இருக்கிறது. நகர மேயர்களின் கோப்புகள் ஒரு பக்கம், குவீன்ஸ் வட்டாரத்து மக்களின் அன்றாட வாழ்க்கை இன்னொரு பக்கம் என்று இரண்டையும் ஒரே கூரையில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். என் அண்ணன் மகள் அந்தப் பக்கம் இருப்பதால் அடிக்கடி அதைப் பற்றிச் சொல்வாள். மேயர் கடிதத்துக்கும் மொய் நோட்டுக்கும் ஒரே மரியாதை கிடைக்கிற இடம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கொண்டு போகிறவர்களுக்கு இரண்டு சொல். பசை அட்டை ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தை நகத்தால் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு அப்படியே கொடுங்கள். 600 டிபிஐயில் டிஃப் கோப்பாக எடுத்தால்தான் பொத்தானின் நிறம் வரை தெரியும். கைப்பேசியில் எடுத்த படத்தில் அந்தக் கோட்டை யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். பெயர் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், பின்பக்கம், ஓரத்தில். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதி முகத்தில் மேடு விழுந்த படங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

செந்தூல் அண்ணன்:

ஐயா, மொய் நோட்டு முழுக்கச் சித்தப்பா பவுண்டன் பேனா. மழை ஒழுகி நாலு பக்கம் நீலமாகிவிட்டது. அதில்தான் என் மாமன்கள் கொடுத்த மொய் இருக்கிறது என்று அப்பா கடைசிவரை ஒரு சந்தேகத்தோடே இருந்தார்.

கூலிம் பையன்:

பட்டர்வொர்த் அக்கா, மன்னிக்கவும், திரும்ப வந்துவிட்டேன். ராத்திரியெல்லாம் உங்கள் நாலாவது படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாக நிற்கிறாரே, அவர். காதைப் பார்த்தீர்களா? மேல்நுனி மடங்கி இருக்கிறது. என் அப்பாவுக்கு அப்படித்தான் இருந்தது. என் தம்பிக்கும் அப்படித்தான். பள்ளியில் கேலி செய்வார்கள்.

எங்கள் தாத்தா போருக்கு முன்னால் பிறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார் என்று அத்தை சொல்லியிருக்கிறார். 1943ல் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அத்தைக்கு அப்போது ஐந்து வயது. அப்பா முகம் ஞாபகமில்லை, வியர்வை வாசனை மட்டும் ஞாபகமிருக்கிறது என்பார். இது அவர்தான் என்று நான் சொல்லவில்லை. காதை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது? அந்தப் படம் உங்கள் தாத்தாவிடம் எப்படி வந்தது என்று அம்மாவுக்குத் தெரியுமா?

பட்டர்வொர்த் மகள்:

தம்பி, அம்மாவிடம் இப்போதுதான் வாசித்துக் காட்டினேன். தாத்தா ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு வேட்டியைத் தனியாக எடுத்து வைப்பாராம். யாருக்கு என்று கேட்டால் "கூட்டாளி வந்தால் கட்டிக்க" என்பாராம். அம்மாவுக்கு அதற்குமேல் தெரியவில்லை. பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று உட்கார்ந்திருக்கிறார்.

கல்லூரிப் பெண்ணிடம் பேசிவிட்டேன், அந்தப் படத்தின் பெரிய கோப்பை இன்றே அனுப்புகிறாள். ஆனால் அத்தைக்குக் கணினியில் காட்டாதீர்கள். அசலை நானே கொண்டு வருகிறேன். சனிக்கிழமை அத்தை வீட்டில் இருப்பாரா? அம்மாவும் வரவேண்டும் என்கிறார்.