சியரெல்லி ட்ரேட் கணக்கை எப்படிப் பாக்கறது? ஹெல்ப் பண்ணுங்க

நாலாவது_லைன்:
ரெண்டு நாளா வேற வேலை இல்லாம ஒண்ணு பண்ணிட்டிருக்கேன். என்எச்எல் ஐஸ் ஹாக்கில பீட்டர் சியரெல்லி எட்மன்டன் ஆயிலர்ஸ் டீமுக்கு ஜிஎம்மா (ஜெனரல் மேனேஜர், ஆள் எடுக்கறது குடுக்கறது எல்லாம் அவர் பொறுப்பு) இருந்தாரு இல்லயா, 2015 ஏப்ரல்ல இருந்து 2019 ஜனவரி வரைக்கும், அப்ப அவர் பண்ண ட்ரேட் (வேற டீமோட ஆள் மாத்திக்கறது), சைனிங் (கான்ட்ராக்ட் போடறது) எல்லாத்தையும் ஷீட்ல போட்டு பக்கத்துல ஜெயிச்சாரா தோத்தாரான்னு எழுதலாம்னு உக்காந்தேன். முதல் மூணு வரி கண்ண மூடிட்டு எழுதிட்டேன். டெய்லர் ஹாலைக் குடுத்து ஆடம் லார்சன், ஒண்ணுக்கு ஒண்ணு, தோல்வி, ஹால் 2018ல 93 பாயின்ட் (கோலும் அசிஸ்ட்டும் சேத்து) அடிச்சு, லீகோட எம்விபிக்குக் குடுக்கற ஹார்ட் ட்ராஃபியே வாங்கிட்டாரு. 2015 டிராஃப்ட்ல (டீமெல்லாம் வரிசையா இளம் ஆட்களை எடுக்கறது) 16வது பிக், 33வது பிக் ரெண்டையும் குடுத்து க்ரிஃபின் ரைன்ஹார்ட், படுதோல்வி, அந்த 16ல நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்தது பின்னாடி ஸ்டாரான பார்ஸலை. விங்கர் மிலன் லூசிச்சுக்கு 7 வருஷ கான்ட்ராக்ட், 42 மில்லியன் டாலர், அத பத்தி பேசவே வேணாம்.

அதுக்கப்புறம்தான் மாட்டிக்கிட்டேன். கோலி (கோல்கீப்பர்) டால்பட் அவர் கொண்டு வந்த ஆள்தான், 2016-17ல 42 மேட்ச் ஜெயிச்சு குடுத்தாரு. விங்கர் மரூனை கிட்டத்தட்ட சும்மா வாங்கினாரு, அதே சீசன்ல 27 கோல். டீம் 103 பாயின்ட் எடுத்து 2006க்கு அப்புறம் முதல் தடவையா ப்ளேஆஃப் போச்சு. ஆனா கானர் மக்டேவிட் மாதிரி சூப்பர்ஸ்டார் இருந்தா யாரும்தான் போவாங்கன்னு ஒரு குரல் உள்ள கேக்குது, மக்டேவிட்டை எடுக்க முதல் பிக் கிடைச்ச அந்த டிராஃப்ட் லாட்டரி விழுந்தப்ப சியரெல்லி இன்னும் வேலைக்கே வரல. நீங்கல்லாம் எப்படிப் பாப்பீங்க?

பழைய_பக்:
ஒரு ட்ரேடுக்கு ஒரு வரின்னு போட்டதுலதான் சிக்கல் தல. எபர்லே வரியை எடுத்துக்கோங்க. 2017 ஜூன்ல எபர்லேயைக் குடுத்து ரயன் ஸ்ட்ரோம் வாங்கினாரு. அடுத்த வருஷம் நவம்பர்ல ஸ்ட்ரோமைக் குடுத்து ஸ்பூனர். ஸ்பூனர் எட்மன்டன்ல எடுத்த பாயின்ட்டை ஒரு கை விரல்ல எண்ணிடலாம், ஸ்ட்ரோம் நியூயார்க் ரேஞ்சர்ஸ் போய் 2019-20ல 59 பாயின்ட். தனித்தனியா பாத்தா ரெண்டு சுமார் ட்ரேட், சேத்து பாத்தா 20 கோல் அடிக்கற விங்கர் ஒண்ணரை வருஷத்துல ஆவியாயிட்டாரு.

இதுல இன்னும் ஒண்ணு. எபர்லேயோட கேப் ஹிட் (டீமோட சம்பள உச்சவரம்புல வருஷத்துக்கு ஒரு ஆள் பிடிக்கற பங்கு) 6 மில்லியன், மக்டேவிட், இன்னொரு இளம் ஸ்டார் ட்ரைசைட்டில் ரெண்டு பேர் கான்ட்ராக்ட்டும் வரப்போகுது, இடம் வேணும்னுதான் அவரை வித்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் வந்த லூசிச்சோட கேப் ஹிட்டும் அதே 6 தான்! அந்த கான்ட்ராக்ட்ல பெரும்பகுதி சைனிங் போனஸ், பையவுட் பண்ணாலும் (காசு குடுத்து கான்ட்ராக்ட்டை முடிச்சாலும்) கேப்ல ஒண்ணும் பெருசா மிச்சமாகாது, அதுபோக அவர் சம்மதம் இல்லாம வேற டீமுக்கு அனுப்ப முடியாதுங்கற நோ மூவ் க்ளாஸ் வேற. 2018-19ல அவர் அடிச்சது 6 கோல். அதனால லூசிச்சுக்கு நேரா "42 மில்லியன்"னு மட்டும் எழுதாதீங்க, எபர்லேயையும் அந்தக் கணக்குலயே எழுதுங்க.

பெஞ்ச்ல_இருக்கேன்:
சியரெல்லிக்கு வக்காலத்து வாங்கறேன்னு நினைச்சாலும் பரவால்ல, பார்ஸல் விஷயத்துல எல்லாரும் கொஞ்சம் ஓவரா போறோம். 2015 டிராஃப்ட்ல 13, 14, 15 மூணு பிக்கும் வரிசையா பாஸ்டன் கையில இருந்துச்சு, மூணு தடவையும் பார்ஸலைத் தாண்டிப் போனாங்க. எட்மன்டன் அந்த 16ஐ வெச்சிருந்தா அவரைத்தான் எடுத்திருப்பாங்கன்னு யாரு அடிச்சு சொல்றது?

ஆனா ட்ரேட் அன்னிக்கே தப்புதான், அதுக்கு பார்ஸல் தேவையே இல்ல. ரைன்ஹார்ட் 2012ல 4வது பிக், மூணு வருஷத்துல ஐலண்டர்ஸுக்கு ஆடினதே 8 மேட்ச். ஜூனியர்ல எட்மன்டன் ஆயில் கிங்ஸ் கேப்டன், 2014 மெமோரியல் கப் ஜெயிச்சவரு, ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பையன், அதுல மயங்கிட்டாங்கன்னு தோணுது. நல்ல டிராஃப்ட்ல ரெண்டு பிக் குடுக்கற விலையா அது?

இதே அளவுகோலை ட்ரைசைட்டிலுக்கும் வைங்க. 2017ல 8 வருஷம் 68 மில்லியன்னதும் அதிகம் அதிகம்னு எத்தனை பேர் கத்தினாங்க (நானும்தான்). 2018-19ல 50 கோல், 105 பாயின்ட், அடுத்த வருஷம் ஹார்ட் ட்ராஃபி. பின்னாடி நடந்ததை வெச்சு ஹால் ட்ரேடுக்கு அடிக்கறவங்க, பின்னாடி நடந்ததை வெச்சு இதுக்குக் கை தட்டணும்ல? அது மட்டும் மாட்டோம்.

பழைய_பக்:
ஹால் ட்ரேடுக்கு அன்னிக்கே அடிச்சோம் ப்ரோ 😄

கோல்போஸ்ட்:
எட்மன்டன் மட்டும் பாத்தா பாதிக் கதைதான். பாஸ்டன்ல 2011 ஸ்டான்லி கப் (என்எச்எல் சாம்பியன்ஷிப்) ஜெயிச்ச ஜிஎம் இதே ஆளு. ஃபில் கெசலை டொரன்டோவுக்கு அனுப்பி வாங்கின பிக்லதான் செகினும் டூகி ஹாமில்டனும் வந்தாங்க, அப்புறம் அந்த செகினையே 2013ல டல்லஸுக்குத் தூக்கிக் குடுத்தது தனி சோகம்.

எனக்கு அதைவிட பெவர்லி ட்ரேடுதான் பிடிக்கும். 2011 பிப்ரவரில ப்ளேக் வீலரையும் மார்க் ஸ்டூவர்ட்டையும் அட்லான்டாவுக்குக் குடுத்து ரிச் பெவர்லியை வாங்கினாரு. வீலர் பின்னாடி வின்னிபெக் கேப்டன், ரெண்டு சீசன் தொடர்ந்து 91 பாயின்ட். பாயின்ட் வெச்சு பாத்தா பெவர்லி கிட்டயே வர முடியாது. ஆனா அந்த வருஷ ஸ்டான்லி கப் ஃபைனல் மூணாவது மேட்ச்ல பாஸ்டன் விங்கர் ஹார்டன் தலையில அடிபட்டு வெளிய போயிட்டாரு, நாலாவது மேட்ச்ல அந்த லைன்ல ஏறினது பெவர்லி, ரெண்டு கோல், 4-0. பாஸ்டன்காரங்க யாராவது வீலரை நினைச்சு அழுது பாத்திருக்கீங்களா?

அதே மாதிரி அவர் கணக்குல சேர்க்கக்கூடாததும் இருக்கு. கோலி ராஸ்க்கை வாங்கின ட்ரேட், லூசிச், மார்ஷான்ட் டிராஃப்ட் எல்லாம் 2006 ஜூன், அப்ப இடைக்கால ஜிஎம் ஜெஃப் கோர்டன். சியரெல்லி ஒட்டாவால இருந்து வந்து சேரல. கப் ஜெயிச்சதும் பாராட்டு மட்டும் சேந்து போச்சு.

நாலாவது_லைன்:
சரி, ஷீட்டை அழிச்சிட்டு திரும்ப போடறேன். ட்ரேட் அன்னிக்கு தெரிஞ்சது ஒரு கட்டம், கடைசியில என்ன ஆச்சுன்னு ஒரு கட்டம், கேப் தனி. எபர்லே, ஸ்ட்ரோம், ஸ்பூனர் மூணும் ஒரே வரி, லூசிச்சுக்குக் கீழ. லார்சன் வரி மட்டும் இன்னும் காலியா இருக்கு, அந்த மனுஷன் வருஷத்துக்கு 4.2 மில்லியனுக்கும் கம்மியா அஞ்சு வருஷம் ஒழுங்காத்தான் ஆடினாரு, அவரைப் பாத்து தோல்வின்னு எழுத கை வரல. அப்புறம் கோலி கோஸ்கினென் கான்ட்ராக்ட் மறந்தே போச்சு, 3 வருஷம் 13.5 மில்லியன், சியரெல்லியை வேலையை விட்டு தூக்கறதுக்கு ஓரிரு நாள் முன்னாடி போட்டது. அதை சியரெல்லி கணக்குல போடறதா இல்ல போட விட்ட ஓனர் கணக்குலயா?

பெஞ்ச்ல_இருக்கேன்:
ஓனருக்கு புது ஷீட் திறங்க தல.