ஆண் பூனைக்கு யூரின் பிளாக்: கதீட்டர் எடுத்த பிறகு வீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

அடையாறு_பூனை:
வணக்கம். ஆண் பூனை, 3 வயது, கருத்தடை ஆனவன், 4.6 கிலோ. யூரின் அடைப்பு எடுத்து 2 நாள் கதீட்டர் (மூத்திரம் வடிய வைக்கும் குழாய்) வைத்திருந்து, நேற்று மாலை கழற்றி அனுப்பிவிட்டார்கள். யூரின் ரிப்போர்ட்டில் ஸ்ட்ரூவைட் கிரிஸ்டல் (மூத்திரத்தில் படியும் ஒரு தாது உப்பு). மருந்து பிரசோசின் (மூத்திரக்குழாயைத் தளர்த்த), கேபாபென்டின் (வலிக்கும் பதற்றத்துக்கும்).

நேற்று இரவிலிருந்து 9 முறை லிட்டர் பாக்ஸுக்குப் போய்விட்டான். ஒவ்வொரு முறையும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் நனைகிறது, லேசான ரோஸ் நிறம். கண்ணின் உள் ஓரத்திலிருந்து வெள்ளைத் தோல் ஒன்று பாதிக் கண்ணை மூடுகிறது. மறுபடி அடைக்கிறதா? தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்பியே பார்க்க மாட்டான், எவ்வளவு உள்ளே போக வேண்டும்? வீட்டுப் பெரியவர்கள் இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

கால்நடைச்செவிலி:
சகோ, எத்தனை தடவை போனான் என்பதை விட மொத்தம் எவ்வளவு வந்தது என்பதுதான் முக்கியம். குழாய் உரசியதால் மூத்திரக்குழாய் வீங்கி, துடித்துக்கொண்டிருக்கும். மூத்திரப்பை காலியாக இருந்தாலும் அவசரம் போல இருக்கும், அதனால் ஓடி ஓடிப் போவான். ரோஸ் நிறமும் சில நாள் இருக்கும். ஆனால் பை நிரம்பி வழிந்து சொட்டினாலும் வெளியில் பார்க்க இதே மாதிரிதான் தெரியும். அடைப்பில் அதிகமாக விரிந்த பை சுருங்கும் பலத்தை இழந்திருந்தால் அப்படி நடக்கும். அதனால் நனைகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள்.

பையைத் தொட்டுப் பாருங்கள். அவனை நிற்க வைத்துப் பின்னாலிருந்து, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னே, வயிற்றின் ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் மற்ற விரல்கள். மெதுவாகச் சேர்த்தால் போதும். காலியான பை கைக்கே அகப்படாது, அல்லது நெல்லிக்காய் அளவில் மெத்தென்று இருக்கும். பெரிய எலுமிச்சை அளவுக்கு இறுகி, தொட்டதும் கத்தினால் அடைப்பு. அழுத்திப் பிழிய மட்டும் முயல வேண்டாம், பை கிழிந்துவிடும். அடுத்த முறை டாக்டரிடம் உங்கள் கையைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை விரலுக்குத் தெரிந்துவிட்டால் பிறகு குழப்பம் வராது.

அளவுக்கு ஒரு வழி: லிட்டர் மண்ணை எடுத்துவிட்டு, நாய்க்குட்டிகளுக்கு விரிக்கும் பேடை ட்ரேயில் போடுங்கள். மண் புண்ணில் ஒட்டாது, நிறமும் தெரியும். சமையலறைத் தராசில் விரிக்கும் முன்னும் நனைந்த பின்னும் எடை போடுங்கள். கூடும் 1 கிராம் கிட்டத்தட்ட 1 மில்லி. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 20 முதல் 40 மில்லி சாதாரணம், இவனுக்கு 92 முதல் 184 வரை. அடைப்பு எடுத்த முதல் ஓரிரு நாள் இதற்கு மேலேயும் போகலாம். அப்போது தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணில் தெரிவது மூன்றாம் இமை. பிரசோசின் கொடுத்தால் அது மேலே வருவதுண்டு. அதே மருந்து ரத்த அழுத்தத்தையும் இறக்கும். ஈறு வெளுத்து, காது சில்லிட்டு, தள்ளாடினால் அடுத்த டோஸ் கொடுக்கும் முன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இன்னொன்று: பிரசோசின் மறு அடைப்பைத் தடுக்கிறது என்ற நம்பிக்கையைச் சமீபத்திய ஆய்வுகள் தாங்கவில்லை. நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் எத்தனை நாள், எதற்காக என்று கேட்பது உங்கள் உரிமை.

மூன்றுபூனைவீடு:
தண்ணீர்க் கணக்கு நான் சொல்கிறேன். உணவும் குடிப்பதும் சேர்த்து ஒரு நாளைக்குக் கிலோவுக்குச் சுமார் 50 மில்லி, இவனுக்கு 230. உலர் உணவில் 10 சதவீதம்கூடத் தண்ணீர் இருக்காது. 60 கிராம் தின்றால் 6 மில்லிதான், மீதி முழுவதையும் அவனே குடிக்க வேண்டும். பெரும்பாலான பூனைகள் குடிப்பதில்லை. ஈர உணவில் ஏறக்குறைய 80 சதவீதம். 85 கிராம் பவுச் ஒன்றில் 68 மில்லி, மூன்று பவுச்சில் 204. ஒவ்வொன்றிலும் ஒரு டேபிள்ஸ்பூன் வெந்நீர் கலந்து கஞ்சிப் பதமாகக் குழைத்தால் இன்னும் 45. கிண்ணத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. வெந்நீர் என்றால் கைபொறுக்கும் சூடு. வாசனை எழும், பாதிச் சாப்பாடு முழுச் சாப்பாடாக அதுவே போதும்.

உணவு டாக்டர் எழுதியது மட்டும்: ராயல் கேனின் யூரினரி எஸ்/ஓ, ஹில்ஸ் சி/டி போன்றவை. இவை ஸ்ட்ரூவைட்டைக் கரைக்கும், கால்சியம் ஆக்ஸலேட் என்ற இன்னொரு வகைக் கல்லைக் கரைக்காது. அதனால் எக்ஸ்ரேயில் கல் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கூடவே கொஞ்சம் கருவாடு, ஒரு துண்டு மத்தி என்று கொடுத்தால் அந்த உணவின் தாதுக் கணக்கு கெட்டுவிடும். யூரினை அமிலமாக்கும் பொடி எதையும் மேலே சேர்க்காதீர்கள். இந்த உணவே அந்த வேலையைச் செய்கிறது, இரண்டும் சேர்ந்தால் அளவு மீறும்.

ஒரு நாள் முழுக்க எதுவும் தொடவில்லை என்றால் சொல்லாமல் விடாதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேரும், அது தனி ஆபத்து.

நெல்லை_மருந்தகம்:
இளநீர் வேண்டவே வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம். அடைப்பில் பூனை சாவதற்கு முக்கியக் காரணமே வெளியேற முடியாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்துடிப்பைக் குலைப்பதுதான். சிறுநீரகம் தேறிவிட்டதா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), பொட்டாசியம் பார்த்து உறுதி செய்யும் முன் அதையே கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பது எப்படிச் சரியாகும்? வாழைத்தண்டு, சிறுநெருஞ்சில், பார்லித் தண்ணீர் எல்லாம் பெரியவர்கள் அக்கறையில் சொல்வது. மனிதர்களின் கல்லுக்கு என்று வழங்கும் பழக்கம் அது. இவனுக்கு அடைத்தது பெரும்பாலும் சளியும் கிரிஸ்டலும் சேர்ந்த பசை. வாயில் பலவந்தமாக ஊற்றினால் புரையேறும், பயமும் கூடும். பயமும் பதற்றமும் மூத்திரப்பையைப் புண்ணாக்கும் காரணங்களில் ஒன்று.

வலிக்கு வீட்டு மாத்திரை எதுவும் கூடாது. பாரசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். மெலாக்சிகாம் என்ற வலி மருந்து சிறுநீரகம் தேறாத நிலையில் கெடுதல், டாக்டர் எழுதாமல் வேண்டாம்.

நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்புக் காலரைக் கழற்றாதீர்கள். நக்கி நக்கிக் குறியின் நுனி வீங்கினால் அதுவே அடைப்பாகும். சாப்பிடும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும் எடுக்கலாம்.

அடையாறு_பூனை:
மிக்க நன்றி. பேட் போட்டு அளந்தேன். காலை 8 முதல் மாலை 6 வரை 6 முறை, மொத்தம் 58 கிராம். கடைசி இரண்டு தடவை வட்டம் உள்ளங்கை அளவுக்கு வந்தது. பை கைக்குக் கிடைக்கவில்லை. இரவில் எவ்வளவு நேரம் வரை காத்திருக்கலாம்?

கால்நடைச்செவிலி:
10 மணி நேரத்துக்கு 58 நல்ல அளவு. தடவை குறைந்து வட்டம் பெரிதாவதுதான் நாம் எதிர்பார்த்த போக்கு. இரவு 11 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் பேடைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பேட் காய்ந்தே இருந்தால் பையைத் தொடுங்கள். முக்கி முக்கி ஒரு சொட்டும் வராமல் இரண்டு மூன்று முறை எழுந்து வந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, பை இறுகியிருந்தாலோ விடியும் வரை காத்திருக்காமல் கூடையில் வைத்துக் கிளம்புங்கள். முக்குவதை மலச்சிக்கல் என்று நினைத்துப் பலர் ஒரு இரவை இழக்கிறார்கள். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று இப்போதே போன் செய்து கேட்டு, நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மறு அடைப்பு அதிகம் வருவது முதல் ஒன்றிரண்டு வாரத்தில், அதுவரை தராசு வெளியிலேயே இருக்கட்டும்.