புதுப்பிப்பு: பருத்தி நூல் சட்டை, அளவு சரிவந்துவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேனே, கம்பளி நூலுக்கு எழுதின சட்டை மாதிரியைப் பெறாமகளுக்குப் பருத்தி நூலில் பின்னலாமா என்று, யாழ்ப்பாண வெயிலுக்குக் கம்பளி ஆகாது என்பதால். பின்னலாம். ஆனால் முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி, கழுவிக் காயவைத்து அளந்து பாருங்கள். மாதிரியில் 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி (ஊசியில் வரும் நூல் வளையம்), என் துண்டில் 20தான் வந்தது. எழுதியபடி 132 கண்ணி போட்டிருந்தால் 60 சென்ரிமீற்றர் வரவேண்டிய சுற்றளவு 66 ஆகியிருக்கும், பிள்ளைக்குத் தோளில் நிற்காது. 120 போட்டேன். பூவேலை 6 கண்ணிக்கு ஒருமுறை திரும்ப வருவதால் அதுவும் குழம்பவில்லை.

பருத்தி கம்பளி மாதிரி இல்லை, இழுபட்டால் பழையபடி சுருங்காது, அடிக்கரை தொய்ந்துவிடும் என்று ஒரு அக்கா எழுதியிருந்தா. நூற்றுக்கு நூறு உண்மை. நான் முதல் பின்னின கரை இரண்டே நாளில் தளர்ந்துபோனது. அவிழ்த்து, இரண்டு அளவு சிறிய ஊசியால் திரும்பப் பின்னினேன், இப்போது நன்றாகப் பிடித்து நிற்கிறது. சட்டைக்குக் கை பின்னவில்லை, கையில்லாத சட்டைதான். அப்புறம், கழுவினால் கொடியில் தொங்கவிடாதீர்கள், ஈரப் பாரத்தில் நீண்டுவிடும், பாயில் துவாய் விரித்துப் போடுங்கள். கழுத்துக்கரை மட்டும் மிச்சம், சனிக்கிழமை முடித்துப் படம் போடுகிறேன்.