மக்காச்சோளம் கோழிக்கா, பெட்ரோல் டேங்குக்கா?

கரிசல்காடு (பெரம்பலூர்):
20 சதவீத எத்தனால் (கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் எரிசாராயம்) கலந்த பெட்ரோலைப் பற்றி வண்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேசுகிறார்கள். பயிர் வைப்பவர்கள் பேசி நான் அதிகம் பார்க்கவில்லை, அதனால்தான் இந்த இழை. எங்கள் பக்கம் மானாவாரிக் கரிசலில் பருத்தியை விட்டால் மக்காச்சோளம்தான். 2018இல் படைப்புழு வந்து வயலை மொட்டையடித்தது. 2020இல் குவிண்டால் 1,500 என்றால்கூட வியாபாரி மூட்டை தூக்க யோசித்தார். தீவனத்துக்கு எடுப்பவர்களைத் தவிர எங்களுக்கு வேறு ஆள் இல்லை. அவர்கள் சொன்னதுதான் விலை. எத்தனால் ஆலைகள் தானியம் எடுக்க ஆரம்பித்த பிறகு, 2024இல், 2,200க்கு மேல் விற்றோம். 2014இல் ஒன்றரை சதவீதமாக இருந்த கலப்பு 2022 ஜூனில் 10 ஆனது, 2025இல் 20 ஆகிவிட்டது. பிரேசில் 30க்குப் போய்விட்டது. நாமும் போக வேண்டும் என்பது என் கட்சி. கச்சா எண்ணெய்க்கு வெளிநாடு போகிற பணத்தில் ஒரு பங்கு எங்கள் ஊர்க் களத்துக்கு வருவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பண்ணைமேடு (நாமக்கல்):
எங்களுக்கு நஷ்டம் அண்ணே. முட்டை உற்பத்திச் செலவில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்டத் தீவனம். அந்தத் தீவனத்தில் பாதி மக்காச்சோளம். உங்களுக்குக் குவிண்டாலுக்கு 700 ரூபாய் ஏறியது என்றால் அது எங்கள் பண்ணையிலிருந்து போனது. முட்டை விலையை அந்த அளவுக்கு ஏற்ற முடியாது. சத்துணவில் போடுகிற முட்டை, கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டில் குழந்தைக்குக் கொடுக்கிற முட்டை. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு இது. 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்தோம். எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கத் தானிய இறக்குமதியா?

கரிசல்காடு:
ஆலைக்குப் போகிற மக்காச்சோளம் முழுக்கச் சாராயமாகப் போய்விடுவதில்லை தம்பி. மாவுச்சத்துதான் போகிறது. ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 300 கிலோ புரதம் மிகுந்த சக்கை மிஞ்சுகிறது. டி.டி.ஜி.எஸ். என்று அது உங்கள் பண்ணைக்கே தீவனமாக வருகிறது. சோயாப் புண்ணாக்கை விட மலிவு என்று நீங்கள்தானே வாங்குகிறீர்கள்?

பண்ணைமேடு:
வாங்குகிறோம். ஆனால் அது சோயாவுக்கு மாற்று, மக்காச்சோளத்துக்கு மாற்று இல்லை. கோழிக்கு எரிசக்தி தருவதே அந்த மாவுச்சத்துதான், அதைத்தான் நீங்கள் டேங்கில் ஊற்றிவிட்டீர்கள். ஈரத்தில் பூஞ்சை பிடித்த தானியம் ஆலைக்குப் போனால், அதிலுள்ள அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு சக்கையில் மூன்று மடங்கு செறிந்து எங்களிடம் வரும். அதனால் முட்டைக்கோழிக்கு அளந்துதான் சேர்க்க முடியும்.

வெயில்காரன் (கோவை):
விலைச் சண்டையை விட்டுவிட்டு நிலத்தைப் பாருங்கள். ஒரு ஏக்கர் மக்காச்சோளத்தில் நல்ல விளைச்சலே 3 டன். டன்னுக்கு 380 லிட்டர் என்றால் 1,100 லிட்டர் எத்தனால் கிடைக்கும். எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான், ஆக 750 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார் 11,000 கி.மீ. சொச்சம் போகும். அதே ஏக்கரில் சூரியத் தகடு போட்டால் வருடத்துக்கு 3.5 லட்சம் யூனிட்டுக்குக் குறையாது. யூனிட்டுக்கு 6 கி.மீ. ஓடும் மின்சாரக் கார் 20 லட்சம் கி.மீ. போகும். இரண்டு போகம் எடுத்தாலும் பக்கத்தில்கூட வராது. கரும்பு ஏக்கருக்கு இன்னும் அதிகம் தரும், ஆனால் தண்ணீர்? சர்க்கரையிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2,860 லிட்டர் தண்ணீர் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்பதும் அதே அறிக்கைதான். கர்நாடகாவிடம் காவிரித் தண்ணீருக்கு நிற்கிற மாநிலம் நாம்.

கரிசல்காடு:
கணக்கு சரி, சார். அந்த ஏக்கரில் தகடு போட எனக்கு யார் கடன் கொடுப்பார்கள்? கம்பெனி வந்து குத்தகைக்கு எடுக்கும், வேலி போடும். அங்கே களை வெட்டியவர்களும் கதிர் ஒடித்தவர்களும் எங்கே போவார்கள்? உங்கள் 20 லட்சம் கி.மீ.யில் அவர்களுக்கு ஒரு கி.மீ. கிடையாது. அப்புறம், என் மண் மானாவாரி. கரும்பின் தண்ணீர்க் கணக்கை என் தலையில் கட்டாதீர்கள்.

கொதிகலன்:
சர்க்கரை ஆலை பாய்லரில் வேலை பார்த்தவன் நான். தானியத்தை எரிபொருளாக்குவது வேண்டாம், கழிவை எரிபொருளாக்குங்கள். கரும்பு அரைத்தால் 30 சதவீதம் சக்கை. அதை எரித்து ஆலை தன் தேவையைப் பார்த்துக்கொண்டு மிச்ச மின்சாரத்தை விற்கிறது. புதிதாக ஒரு சென்ட் நிலம் தேவையில்லை.

ஆனால் சக்கை ஆலை வாசலிலேயே கிடைப்பதால்தான் இது ஓடுகிறது. மற்ற கழிவுகளில் எல்லாம் உதைப்பது சேகரிப்பு. வைக்கோலுக்கு எடை கிடையாது, லாரி நிறைய ஏற்றினாலும் காற்றைத்தான் சுமக்கிறோம். 50 கி.மீ. தாண்டினால் வாடகை கட்டாது. அறுவடை நாட்கள் கொஞ்சம், ஆலையோ வருடம் முழுக்க ஓட வேண்டும். நடுவில் ஒரு மழை பெய்தால் படப்பு முழுக்க மக்கும். பானிப்பட்டில் 2022இல் 900 கோடி ரூபாயில் வைக்கோல் எத்தனால் ஆலை திறந்தார்கள், வருடத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல் என்று திட்டம். பஞ்சாப், ஹரியானாவில் எரித்துத் தள்ளுகிற வைக்கோல் அது. தஞ்சாவூரில் அப்படிச் செய்ய முடியுமா? இங்கே வயலிலேயே கட்டாகக் கட்டி மாட்டுக்கு விற்றுவிடுகிறார்கள். சாண எரிவாயு, கழிவு எரிவாயுவுக்கு 2018இல் 5,000 ஆலை என்று இலக்கு வைத்தார்கள். எழுந்தவை அதில் ஒரு சிறு பங்குதான். அதற்கு முன்னால் காட்டாமணக்கு. 2003இல் தரிசு நிலத்தில் டீசல் விளையும் என்றார்கள். நம்பி நட்டவர்கள் பிடுங்கிப் போட்டார்கள், ஏனென்றால் தண்ணீர் இல்லாமல் அதுவும் காய்க்காது. இவ்வளவுக்குப் பிறகும் கழிவுதான் வழி என்கிறேன். கோழி எரு, கோயம்பேட்டுக் காய்கறிக் குப்பை மாதிரி ஒரே இடத்தில் குவிகிற கழிவிலிருந்து தொடங்க வேண்டும்.

முதுகுளத்தூரான்:
எங்கள் ஊர்ச் சீமைக்கருவேலத்தை யாரும் பேசவில்லை. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் கண்மாய் முழுக்க அதுதான். மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர்கள் ஒருபக்கம், மரக்கழிவு மின் ஆலைக்கு டன் கணக்கில் வெட்டிக்கொடுப்பவர்கள் இன்னொரு பக்கம். உயர்நீதிமன்றம் வேரோடு பிடுங்கச் சொல்கிறது. ஆலையோ தூரை விட்டுவிட்டு மேலே வெட்டித் தந்தால் போதும் என்கிறது, மூன்று நான்கு வருடத்தில் மறுபடி தழைக்கும் அல்லவா? அதை நம்பி ஆலை வைத்தால் அந்த மரம் எந்தக் காலத்திலும் ஒழியாது. ஒழித்தால் கரி போடுகிற குடும்பங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. இரண்டு பக்கமும் எங்கள் ஆட்கள்தான். கண்மாயில் வேரோடு எடுப்பது, பட்டாத் தரிசில் விறகுப் பயிராக விடுவது என்று பிரிக்கலாம் என்று நினைக்கிறேன்.

பண்ணைமேடு:
கரிசல்காடு அண்ணனுக்கு ஒரு கேள்வி. 2025 கடைசியில் கர்நாடகாவில் மக்காச்சோளம், அரசு அறிவித்த ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 2,400க்கு வெகு கீழே போய் விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்கள். எத்தனால் அப்போது ஏன் காப்பாற்றவில்லை?

கரிசல்காடு:
அந்த வருடம் விளைச்சல் அதிகம். கூடவே இந்திய உணவுக் கழக அரிசியைக் குவிண்டால் 2,250 ரூபாய்க்கு எத்தனால் ஆலைகளுக்குக் கொடுத்தது மத்திய அரசு, 52 லட்சம் டன் ஒதுக்கினார்கள். டன்னுக்கு அரிசியில் எத்தனால் அதிகம் கிடைக்கும். அப்புறம் எவன் 2,400 கொடுத்து மக்காச்சோளம் வாங்குவான்? இலக்கு வைத்தவர்கள் எங்களை விதைக்கச் சொல்லிவிட்டு அரிசியைக் கொட்டி விலையை உடைத்தார்கள். எத்தனாலை நிறுத்துவது இதற்குத் தீர்வு இல்லை. தானிய ஆலை உரிமம் கேட்டால், விதைப்புக்கு முன்னால் ஆதரவு விலையில் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட வேண்டும் என்று விதி வரட்டும்.

பண்ணைமேடு:
அந்த விதியில் எங்களையும் சேருங்கள். ஆதரவு விலையை விதைப்புக்கு முன்னால் எழுதிக் கொடுக்க என்னைப் போன்ற பண்ணைகள் தயார். அது தெரிந்தால் எங்களுக்கும் தீவனச் செலவு ஒரு வருடத்துக்கு நிற்கும். ஆனால் வறட்சி வருடத்தில் தானியம் முதலில் தீவனத்துக்கு, மிச்சம்தான் ஆலைக்கு என்றும் அதே விதியில் எழுத வேண்டும். 2023 டிசம்பரில் சர்க்கரை குறைந்தபோது கரும்புச் சாறு எத்தனாலுக்கு ஒரே உத்தரவில் தடை போட்டார்களே, தானியத்துக்கு ஏன் முடியாது?

கரிசல்காடு:
வறட்சி வருடத்தில்தான் எனக்கு விளைச்சல் பாதியாகிறது. விலை ஏறினால்தான் அந்த வருடம் தாங்குவேன். அதற்கு நான் ஒப்ப மாட்டேன்.